பதக்கப் பட்டியல் இறுதித் தீர்ப்பன்று: ஒலிம்பிக் வரலாறும் சாந்தி சௌந்தரராஜனின் அழிக்கப்பட்ட பெயரும்

விளையாட்டுச் சாதனைப் பட்டியல்களை நாம் வழக்கமாக வெறும் தகவல்களாகவே வாசிக்கிறோம். யார் ஓடினார், எத்தனை விநாடியில் ஓடினார், எந்தப் பதக்கம் பெற்றார் என்ற மூன்று கேள்விகளுக்கு அவை விடை சொல்கின்றன. ஆனால் ஒரு பெயர் பட்டியலில் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறது, அந்த அமைப்புக்கு விதிகள் இருக்கின்றன, அந்த விதிகளின்படியோ அவற்றை மீறியோ பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணை இருக்கிறது. ஆணை என்று ஒன்று இருந்தால் அது மறுபரிசீலனைக்கும் உரியது. ஒலிம்பிக் போட்டிகளின் வரலாற்றை இக்கோணத்தில் தொகுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த தலித் வீராங்கனை சாந்தி சௌந்தரராஜனின் பெயர் 2006இல் ஆசிய விளையாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த நீக்கத்தை இறுதியானதாக ஏற்க வேண்டியதில்லை என்பதற்கான சான்றுகள் இவ்வரலாற்றிலேயே உள்ளன.

போட்டி யாருக்காகத் தொடங்கப்பட்டது?

நவீன ஒலிம்பிக்கின் முதல் போட்டி 1896 ஏப்ரலில் ஏதென்ஸ் நகரில் நடைபெற்றது. 14 நாடுகளிலிருந்து 241 பேர் பங்கேற்றனர். அவர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் போட்டியில் 997 பேரில் 22 பெண்கள் இடம்பெற்றனர். பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம எண்ணிக்கையில் இடங்கள் ஒதுக்கப்பட்டது 2024 பாரிஸ் போட்டியில்தான். அதாவது, அந்தச் சமநிலையை எட்ட 128 ஆண்டுகள் ஆயின.

பாலினம் மட்டுமே தடையாக இருக்கவில்லை. ஒலிம்பிக் தன் அடிப்படையாகக் கொண்ட 'அமெச்சூர்' கோட்பாடு இங்கிலாந்தின் மேட்டுக்குடி விளையாட்டுக் கழகங்களிலிருந்து வந்தது. 1866இல் அங்குள்ள அமெச்சூர் தடகளக் கழகம் வகுத்த வரையறை, கைவினைஞரையும் கூலித் தொழிலாளரையும் வெளிப்படையாகவே விலக்கியது. உடலுழைப்பால் பிழைப்பவர் உடல்வலிமையில் நியாயமற்ற அனுகூலம் பெற்றவர் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்தச் சொற்கள் 1880இல் விதியிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் விளையாட்டால் பணம் ஈட்டக்கூடாது என்ற நிபந்தனை பல பத்தாண்டுகள் நீடித்தது. பரம்பரைச் சொத்துள்ளவருக்கு இந்நிபந்தனை ஒரு பெருமை. உழைத்தால்தான் உணவு என்ற நிலையில் இருப்பவருக்கு அது அடைக்கப்பட்ட கதவு. தொழிலைக் கொண்டு மனிதரை உயர்வு தாழ்வு என்று பிரிக்கும் சமூகத்தில் வாழும் நமக்கு இந்தத் தர்க்கம் புதிதன்று.

1904 செயின்ட் லூயிஸ் போட்டியின்போது, அங்கு நடைபெற்ற உலகக் கண்காட்சியில் காட்சிப்படுத்தப்பட்டிருந்த பழங்குடி மக்களை அழைத்துவந்து ஓடவும் எறியவும் வைத்தனர். 'மானுடவியல் நாட்கள்' என்று அதற்குப் பெயரிட்டனர். பயிற்சியோ விதி விளக்கமோ இன்றி அவர்கள் பெற்ற அளவுகளைக் குறித்துக்கொண்டு, வெள்ளையரல்லாதார் உடல்திறனில் தாழ்ந்தவர் என்பதற்குச் சான்றாகக் காட்ட முயன்றனர். அளவுகோல் எவர் கையில் இருக்கிறது என்பதைக் கேட்காமல் அளவை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இது ஒரு பாடம்.

800 மீட்டர்: ஓர் ஓட்டத்தின் வரலாறு

சாந்தி ஓடிய 800 மீட்டர் ஓட்டத்தின் வரலாறு தனியே அறியத்தக்கது. பெண்கள் தடகளப் போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1928 ஆம்ஸ்டர்டாமில் சேர்க்கப்பட்டது. அங்கு 800 மீட்டரில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். வெள்ளி வென்றவர் ஜப்பானின் கினுவே ஹிதோமி. ஓடி முடித்த பெண்கள் மயங்கி விழுந்தனர் என்று அக்காலச் செய்தித்தாள்கள் மிகைப்படுத்தி எழுதின. இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தனர் என்பதைப் பின்னாளைய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆயினும் பெண்ணுடல் இதைத் தாங்காது என்று சொல்லி இப்போட்டியை நீக்கினர். 1960 ரோம் ஒலிம்பிக் வரை, 32 ஆண்டுகள், பெண்களுக்கு 800 மீட்டர் மறுக்கப்பட்டது.

ரோமில் சோவியத் ஒன்றியத்தின் லுட்மிலா ஷெவ்த்சோவா 2 நிமிடம் 4.3 விநாடியில் வென்றார். 1980 மாஸ்கோவில் நதேஷ்தா ஒலிசாரென்கோ ஓடிய 1 நிமிடம் 53.43 விநாடி ஒலிம்பிக் சாதனையாக நிலைத்தது. 1983இல் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராதோக்விலோவா படைத்த 1 நிமிடம் 53.28 விநாடி உலக சாதனை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முறியடிக்கப்படவில்லை. 2016 ரியோவில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா 1 நிமிடம் 55.28 விநாடியிலும், 2024 பாரிஸில் பிரிட்டனின் கீலி ஹாட்ஜ்கின்சன் 1 நிமிடம் 56.72 விநாடியிலும் தங்கம் வென்றனர்.

பெண்கள் இதை ஓடவே முடியாது என்று ஒரு காலத்தில் விலக்கினார்கள். பின்னர், மிக நன்றாக ஓடும் பெண் பெண்ணாகவே இருக்க முடியாது என்று விலக்கத் தொடங்கினார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பெண்ணின் உடலைப் பற்றி அவளைக் கேட்காமல் முடிவெடுக்கும் அதிகாரம்.

பாலினப் பரிசோதனை: யாருக்கு, யாருக்கு இல்லை?

1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் மருத்துவர் குழுவின் முன் ஆடையின்றி நிறுத்தப்பட்டனர். 1968இல் ஒலிம்பிக் போட்டிகளில், கன்னத்தின் உட்புறத்திலிருந்து உயிரணு எடுத்துக் குரோமோசோம் பார்க்கும் முறை புகுத்தப்பட்டது. 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் குதிரையேற்றத்தில் பங்கேற்ற பிரிட்டன் இளவரசி ஆன் மட்டும் இப்பரிசோதனையிலிருந்து விலக்கப்பட்டார். அரச குலத்துப் பெண்ணின் சொல் போதும். ஏனைய பெண்களின் உடல் சான்று தர வேண்டும் என்பதே இதன் பொருள்.

1996 அட்லாண்டாவில் 3,387 வீராங்கனைகள் பரிசோதிக்கப்பட்டனர். எட்டுப் பேரின் முடிவு வேறாக வந்தது. எட்டுப் பேருமே போட்டியிட அனுமதிக்கப்பட்டனர். இயற்கையில் உடல்கள் பலவிதம் என்பதையும், ஒரு மரபணுவைக் கொண்டு ஒருவரை விலக்குவது முறையன்று என்பதையும் மருத்துவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதன் விளைவாக, சர்வதேச ஒலிம்பிக் குழு 1999இல் கட்டாயப் பரிசோதனையைக் கைவிட்டது. ஆனால் 'சந்தேகம்' எழுந்தால் தனிநபரைப் பரிசோதிக்கும் வழி திறந்தே இருந்தது. எல்லோருக்கும் பொதுவான சோதனை போய், எவர் மீது சந்தேகம் விழுகிறதோ அவருக்கு மட்டுமான சோதனை வந்தது. அந்தச் சந்தேகம் பெரும்பாலும் ஆப்பிரிக்க, ஆசியப் பெண்கள் மீதே விழுந்ததை நாம் காண்கிறோம்.

உலகத் தடகள அமைப்பு 2018இல், 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் வரம்பு விதித்தது. 2023இல் வரம்பை மேலும் குறைத்து எல்லாப் போட்டிகளுக்கும் விரித்தது. 2025 செப்டம்பர் 1 முதல் பெண்கள் பிரிவில் பங்கேற்க மரபணுப் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. அட்லாண்டாவோடு முடிந்ததாக எண்ணிய முறை தடகளத்துக்குத் திரும்பிவிட்டது.

தோகா, 2006

ஆசிய விளையாட்டுப் போட்டி 1951இல் புதுதில்லியில் தொடங்கியது. ஒலிம்பிக் இயக்கத்தின் அங்கமாக, சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஏற்பு பெற்ற ஆசிய ஒலிம்பிக் கவுன்சில் அதனை நடத்துகிறது. எனவே ஒலிம்பிக்கின் விதிமுறைப் போக்குகள் அங்கும் நேரடியாக எதிரொலிக்கின்றன.

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களான பெற்றோருக்குப் பிறந்தவர் சாந்தி. 2005இல் இன்சியான் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மீண்டும் வெள்ளி வென்றார். தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு. அதன்பின் சாந்தி பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். முடிவு ஊடகங்களில் வெளியானது. பதக்கம் பறிக்கப்பட்டது.

அவரது நேரத்தை மேலே கண்ட பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உலக சாதனையைவிட அது ஏறத்தாழ 10 விநாடி பின்தங்கியது. அதே ஓட்டத்தில் அவரை முந்தி ஒரு பெண் வென்றிருக்கிறார். 'நியாயமற்ற அனுகூலம்' என்ற சொல்லுக்கு இந்த எண்களில் ஆதாரம் எங்கே?

அவரது மருத்துவ விவரங்களை நாம் இங்கு எழுதப்போவதில்லை. அவை ஊடகங்களில் வெளியானதே முதல் உரிமை மீறல். பரிசோதனையின் தன்மை தமக்கு விளக்கப்படவில்லை என்றும், அறிக்கை தம் கையில் தரப்படவில்லை என்றும் அவர் பலமுறை கூறியிருக்கிறார். விளக்கம் கேட்கும் அறிவிப்பு, தரப்பைச் சொல்லும் வாய்ப்பு, காரணம் கூறும் ஆணை, மேல்முறையீட்டு வழி ஆகிய நான்கும் இயற்கை நீதியின் தூண்கள். ஓர் அரசு ஊழியரைப் பணியிலிருந்து நீக்கும்போதுகூட நாம் வலியுறுத்தும் இந்த நான்கும் ஒரு நாட்டின் பதக்கம் வென்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

தமிழ்நாடு அரசு அப்போது அவருக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கியது. பின்னர் அவர் தற்கொலைக்கு முயன்றதையும், 2012இல் நாட்கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்ததையும் நாளேடுகள் வெளியிட்டன. பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்த அவருக்கு 2016இல்தான் தமிழ்நாட்டில் நிரந்தரப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. பணி கிடைத்தது, பதக்கம் திரும்பவில்லை.

திருத்தி எழுதப்பட்ட பதிவுகள்

முடிந்துபோன போட்டியை மீண்டும் திறக்க முடியாது என்ற வாதத்துக்கு ஒலிம்பிக் வரலாறே மறுப்பு.

அமெரிக்கப் பூர்வகுடியினரான ஜிம் தோர்ப், 1912 ஸ்டாக்ஹோமில் பென்டத்லான், டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வென்றார். டெகாத்லானில் அவர் பெற்றது 8,412 புள்ளிகள். முன்னர் பேஸ்பால் ஆடிச் சிறு கூலி பெற்றார் என்று கூறி 1913இல் அவரது பதக்கங்களைப் பறித்தனர். போட்டி முடிந்து 30 நாட்களுக்குள் ஆட்சேபம் எழுப்ப வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. குற்றச்சாட்டு வந்ததோ ஏறத்தாழ ஆறு மாதங்கள் கழித்து. இந்த விதிமீறலைப் பிற்காலத்தில் ஆய்வாளர்கள் ஆவணத்தோடு எடுத்துவைத்தனர். 1982இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளராக அறிவித்தது. போராட்டம் அதோடு நிற்கவில்லை. 2022 ஜூலையில் அவர் ஒரே வெற்றியாளராகப் பதிவுசெய்யப்பட்டார். பறிக்கப்பட்டதற்கும் முழுமையாகத் திருப்பித் தரப்பட்டதற்கும் இடையே 109 ஆண்டுகள். தோர்ப் 1953இலேயே மறைந்துவிட்டார்.

ஸ்பெயினின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்டினஸ் பாட்டினோ, 1985 கோபே உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் குரோமோசோம் பரிசோதனையின் பேரில் விலக்கப்பட்டார். உதவித்தொகை போயிற்று, தேசிய சாதனைகள் அழிக்கப்பட்டன. அவர் அஞ்சி ஒதுங்காமல் எதிர்த்து வாதாடினார். 1988இல் போட்டியிடும் உரிமையை மீட்டார்.

ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்தைச் சேர்ந்த த்யுதி சந்த் 2014இல் காமன்வெல்த் போட்டிக்கு முன் விலக்கப்பட்டார். விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தில் அவர் முறையிட்டார். கனடா நாட்டு வழக்குரைஞர்கள் கட்டணமின்றி வாதாடினர். 2015 ஜூலை 24 அன்று அந்த விதியையே நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் த்யுதி இரண்டு வெள்ளி வென்றார். சாந்திக்கும் த்யுதிக்கும் இடையே எட்டு ஆண்டுகள். வேறுபாடு உடலில் இல்லை. உரிய நேரத்தில் கிடைத்த சட்ட உதவியில் இருந்தது.

செமன்யா 2019இல் அதே நடுவர் நீதிமன்றத்தில் தோற்றார். ஆயினும் 2025 ஜூலை 10 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அவரது வழக்கைப் போதிய ஆழத்துடன் ஆராயவில்லை, நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. பாகுபாடு குறித்த கேள்விக்கு அத்தீர்ப்பு விடை சொல்லவில்லை. எனினும் விளையாட்டு அமைப்புகளின் தனி நீதி முறையும் மனித உரிமைச் சட்டத்துக்கு மேலானதன்று என்பதை அது உறுதிசெய்தது.

நம் நீதிமன்றங்கள் சொன்னவை

தமிழ்நாட்டிலேயே இதற்கான சட்ட அடித்தளம் உள்ளது. 2014இல் கரூர் மாவட்டப் பெண் காவலர் ஒருவர், மருத்துவப் பரிசோதனையின் பேரில் பெண்ணல்லர் என்று பணிநீக்கம் செய்யப்பட்ட வழக்கில், பாலினத்தை அறிய ஒருவரைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்துவது அரசமைப்பின் 21ஆம் பிரிவுக்கு எதிரானது என்று கூறி, சென்னை உயர்நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், நால்சா வழக்கில், பாலின அடையாளத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இடைப்பாலினக் குழந்தைகளுக்குத் தேவையற்ற அறுவை சிகிச்சை செய்யத் தடை விதிக்க உத்தரவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதற்கான அரசாணையை வெளியிட்டது. தென்காசி மாவட்ட மக்கள் தங்கள் ரிட் மனுக்களைத் தாக்கல் செய்வதும் அதே மதுரை அமர்வில்தான்.

மருத்துவ ஆவணங்கள் குறித்து மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் ஆவணங்களைத் தர வேண்டும். தம் உடல் பற்றிய அறிக்கையைக் கேட்பது சலுகை கேட்பதன்று.

சாதி எங்கே வருகிறது?

ஒலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கம் 1928 ஆம்ஸ்டர்டாம் ஹாக்கியில் கிடைத்தது. அந்த அணியின் தலைவர் சோட்டாநாக்பூர் ஆதிவாசியான ஜெய்பால் சிங் முண்டா. பின்னாளில் அரசமைப்பு அவையில் ஆதிவாசிகளின் குரலாக ஒலித்தவரும் அவரே. முதல் தங்கத்தின் வரலாற்றிலேயே ஒடுக்கப்பட்டோரின் பங்கு இருக்கிறது. பாடநூல் நினைவில் அந்தப் பெயர் அரிதாகவே வருகிறது.

2021 டோக்கியோவில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். நான்கு நாட்களில், ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் அணி அர்ஜென்டினாவிடம் தோற்றதும், ஹரித்வார் அருகே அவரது வீட்டின் முன் பட்டாசு வெடித்துச் சாதி சொல்லி இழிவுபடுத்தினர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. வென்றால் தேசத்தின் மகள், தோற்றால் சேரியின் மகள் என்ற இந்த மனநிலையைச் சட்டத்தின் 3(1) பிரிவின் (r), (s) உட்பிரிவுகள் குற்றமாக வரையறுக்கின்றன. பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதும் சாதிப் பெயர் சொல்லி ஏசுவதும் அவற்றுள் அடங்கும்.

நாம் வாழும் வாசுதேவநல்லூர் ஒரு தனித்தொகுதி. அருகிலுள்ள சங்கரன்கோவிலும் தனித்தொகுதி. தென்காசி மக்களவைத் தொகுதியும் அவ்வாறே. சட்டமியற்றும் அவையில் நம் இருப்பு எவருடைய நல்லெண்ணத்துக்கும் விடப்படவில்லை. அரசமைப்பு அதனை உறுதிசெய்திருக்கிறது. விளையாட்டு நிர்வாகத்தில் அத்தகைய உறுதி எதுவும் இல்லை. 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், சம்மேளனங்களின் 15 பேர் வரையிலான நிர்வாகக் குழுவில் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. அது வரவேற்கத்தக்கது. பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு அத்தகைய இடம் அதில் இல்லை. சந்தேகத்தை எழுப்புவோரும் பரிசோதனைக்கு உத்தரவிடுவோரும் அறிக்கையை வெளியிடுவோரும் இருக்கும் அறையில் நம்மவர் எவரும் இல்லாதபோது, சாந்திக்கு நேர்ந்தது மீண்டும் நேரும்.

நாம் கேட்பவை

முதலாவதாக, 2006ஆம் ஆண்டுப் பரிசோதனை தொடர்பான முழுக் கோப்பின் நகலையும் சாந்தியிடம் ஒப்படைக்க வேண்டும். யார் உத்தரவிட்டது, எந்த விதியின் கீழ், எந்த ஒப்புதலோடு என்பவை அதில் தெரிய வேண்டும். அந்தக் கோப்பை வெளியிடுவதா என்பது அவர் ஒருவரின் முடிவு.

இரண்டாவதாக, அவர் விரும்பினால், ஒன்றிய அரசும் இந்திய ஒலிம்பிக் சங்கமும் ஆசிய ஒலிம்பிக் கவுன்சிலிடம் அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய முறைப்படி கோர வேண்டும். காலம் கடந்துவிட்டது என்ற பதிலுக்கு ஜிம் தோர்ப்பின் பெயரே எதிர்வாதம்.

மூன்றாவதாக, பள்ளி, கல்லூரி, மாவட்ட அளவில் எந்தப் பயிற்சியாளரோ அலுவலரோ ஒரு மாணவியின் பாலினத்தைச் சந்தேகித்துப் பரிசோதனைக்கு அனுப்பக்கூடாது என்று தமிழ்நாடு அரசு ஆணையிட வேண்டும். குறுவட்டப் போட்டியில் 800 மீட்டர் ஓடும் ஒரு வாசுதேவநல்லூர் மாணவி, தன் நேரத்தைத் தவிர வேறெதையும் நிரூபிக்க வேண்டிய நிலை இருக்கக்கூடாது.

நான்காவதாக, விளையாட்டுச் சம்மேளன நிர்வாகத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர் என்ற கணக்கை வெளியிட்டு, அவர்களுக்குச் சட்டப்படி இடம் உறுதிசெய்ய வேண்டும்.

இவற்றில் முதல் இரண்டும் சாந்தி ஒருவருக்கான நீதி. பின்னிரண்டும் அவருக்குப் பின் ஓட வருவோருக்கான காப்பு. கல்லூரி விளையாட்டு விழாக்களிலும் சட்டக் கல்லூரி மாதிரி வழக்கு மன்றங்களிலும் இவ்வழக்கை எடுத்து வாதாடுமாறு மாணவத் தோழர்களைக் கேட்டுக்கொள்கிறோம். தோர்ப்பின் கோப்பில் இருந்த 30 நாள் விதியைக் கண்டெடுத்தவர்களும் பழைய காகிதங்களைப் பொறுமையாகப் படித்தவர்களே.